ஆன்லைன் மாநாட்டில் நமக்கு என்ன கிடைக்கும்?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேசுபவர் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்பவர்.)



போன வாரம் ஒரு நாள் கடைசி பீரியட் முடிந்து லேபைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் பிஎச்.டி. செய்யும் ஒரு மாணவி வந்து ஃபோனை நீட்டினாள். அமெரிக்காவில் நடக்கப்போகும் ஒரு மாநாட்டுக்கு அவள் அனுப்பிய அப்ஸ்ட்ராக்ட் தேர்வாகியிருக்கிறது. நல்ல செய்திதானே? ஆனால் அவள் முகம் அப்படி இல்லை. மெயிலின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: இந்த ஆண்டு கட்டுரை வாசிப்பவர்கள் நேரில் வர வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அதே மாநாட்டில் ஆன்லைனில் வாசிக்கலாம் என்று இருந்தது.

"மேம், அப்ப இது எனக்கு இல்லைன்னு அர்த்தமா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அதனால் இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆன்லைன் மாநாடுகளால் நம்மைப் போன்ற ஆய்வாளர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, இப்போது அது கைவிட்டுப் போனால் நாம் எதை இழக்கிறோம்.

2018இல் என்ன நடந்தது

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2018. நான் பகுதி நேரமாக பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். தலைப்பு, எங்கள் மாவட்டத்துப் போர் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல்லில் பழுப்புக் கறையோடு நிறையப் பேரைப் பார்த்திருப்பீர்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எங்கள் பாறையின் தன்மை அப்படி. பல கிணறுகளில் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும்.

அந்த ஆய்வுக்கு ஐரோப்பாவில் ஒரு பெரிய மாநாட்டில் போஸ்டர் வைக்க இடம் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். விமான டிக்கெட், யூரோவில் பதிவுக் கட்டணம், ஐந்து நாள் தங்கும் செலவு, விசாவுக்குச் சென்னை போய்வருவது எல்லாம் சேர்த்தால் என் நான்கு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பயண உதவிக்கு விண்ணப்பித்தேன், வரவில்லை. வீட்டில் பையனுக்கு அப்போது இரண்டரை வயது. அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்றால் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

போகவில்லை. என் கைடு நல்ல மனுஷர். ஆறுதலாகத்தான் சொன்னார்: "அக்செப்ட் ஆயிருச்சுல்லம்மா, அதுவே போதும். பயோடேட்டால போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். அந்த ஒரு வரி இன்னும் என் பயோடேட்டாவில் இருக்கிறது. ஆனால் அந்தப் போஸ்டரை யாரும் பார்க்கவில்லை. அதன் முன்னால் நின்று யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாநாட்டுக்குப் போவதே அந்தக் கேள்விக்காகத்தானே!

2020இல் வந்த ஒரு கேள்வி

அப்புறம் கொரோனா வந்தது. மாநாடுகள் ஒவ்வொன்றாக ரத்தாயின, சில ஆன்லைனுக்கு மாறின. அப்படி மாறிய ஒன்றில் 2020 மே மாதம் நானும் பங்கெடுத்தேன். வீடியோகூட இல்லை. நம்முடைய ஸ்லைடுகளை முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் எல்லாரும் ஒரு சாட் பக்கத்துக்கு வருவார்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் சில நிமிடங்கள். கேள்வியும் பதிலும் எழுத்தில்தான்.

அங்கே காலை 10:45, நமக்கு மதியம் 2:15. பையனைத் தூங்க வைத்துவிட்டு, படுக்கையறையில் கட்டில் மேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தேன். நெட் போனால் என்ன செய்வது என்று பக்கத்தில் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு வைத்திருந்தேன்.

என் முறை வந்தது. முதல் கேள்வி கென்யாவிலிருந்து. அங்கே ரிஃப்ட் பள்ளத்தாக்குப் பகுதியிலும் நம்மைப் போலவே ஃபுளோரைடு பிரச்சினை உண்டு, பல்லில் அதே கறை உண்டு. அவர் எழுதியதன் சாரம் இதுதான்: நீங்கள் கிணற்றுத் தண்ணீரை அளந்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் மக்கள் ஒரு நாளைக்குப் பல முறை டீ குடிப்பார்கள். டீத்தூளிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. உங்கள் ஊரில் எப்படி? டீயையும் சமைத்த உணவையும் அளந்தீர்களா?

நான் அளக்கவில்லை! எங்கள் ஊர் டீக்கடையைப் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள். காலையில் எழுந்ததும் டீ, பத்து மணிக்கு டீ, சாயங்காலம் டீ. ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும் என்பது பாடப்புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. என் கைடுக்கும் தோன்றவில்லை. நாங்கள் தினமும் குடிப்பது என்பதாலேயே அது எங்கள் கண்ணில் படவில்லை.

அப்புறம் நான் போன கிராமங்களில் வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தேன். "குடிக்க என்ன தண்ணி?" என்று கேட்டால் "ஒகேனக்கல் தண்ணிதாங்க" என்பார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே வந்தது. சரி, "சமையலுக்கு?" என்று கேட்டால், "குழாய்த் தண்ணி வராத அன்னிக்குப் போர் தண்ணிதான், டீயும் அதுலதான்" என்று சில வீடுகளில் பதில் வந்தது. முதல் சுற்றில் இந்தக் கேள்வியையே நான் கேட்டிருக்கவில்லை. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அந்தச் சாட்டில் பிறந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கென்ய ஆய்வாளரும் நானும் 2018இல் அந்த நகரத்துக்குப் போயிருக்க முடியாது. இரண்டு ஏழை நாட்டு ஆட்கள் ஒரே பிரச்சினையில் வேலை செய்கிறோம். ஆனால் நாங்கள் சந்திக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஐரோப்பாவுக்கு விசா வாங்க வேண்டும் என்று இருந்தது. ஆன்லைன் மாநாடு எனக்குச் செய்த பெரிய உதவி இதுதான். அது என்னை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போகவில்லை. கென்யாவுக்குக் கூட்டிப்போனது.

ஆடிஸ் அபாபாவுக்குப் போகாத மாநாடு

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். செயற்கை நுண்ணறிவுத் துறையில் ஐ.சி.எல்.ஆர். என்று ஒரு பெரிய மாநாடு இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். 2018இல் கனடாவின் மான்ட்ரியலில் அதே துறையின் வேறொரு பெரிய மாநாடு நடந்தபோது, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வர வேண்டிய பலருக்கு விசா மறுக்கப்பட்டது. அழைப்பு இருந்தது, கட்டுரை இருந்தது, விசா மட்டும் இல்லை. அது பெரிய விவாதமானது. அந்தச் சமயத்தில்தான் 2020ஆம் ஆண்டு ஐ.சி.எல்.ஆர். மாநாட்டை எத்தியோப்பியாவின் தலைநகர் ஆடிஸ் அபாபாவில் நடத்துவது என்று அறிவித்தார்கள். அவர்களால் வர முடியாவிட்டால் நாம் அங்கே போவோம் என்கிற எண்ணம்.

2020 ஏப்ரலில் நடக்க வேண்டியது. கொரோனா வந்துவிட்டது. ஆடிஸ் அபாபா திட்டம் நின்றுபோய், முழுக்க ஆன்லைனில் நடந்தது. அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நடந்தபோது சுமார் 2,700 பேர் வந்திருந்தார்கள். ஆன்லைனில் 5,600 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஏறக்குறைய 90 நாடுகள்.

எண்ணிக்கையை விட எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த விதம். நேரில் நடக்கிற மாநாட்டை அப்படியே கேமரா முன்னால் வைக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு சிறிய வீடியோவை முன்கூட்டியே பதிவு செய்து வைத்தார்கள். அதை அவரவர் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். நேரலை என்பது கேள்வி பதிலுக்கு மட்டும். மாநாடு முடிந்த பிறகு வீடியோக்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். மாநாட்டுக்காக எழுதிய இணையதள மென்பொருளையும் மினிகான்ஃப் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார்கள். வேறு மாநாடுகளும் அதை எடுத்துப் பயன்படுத்தின.

2023இல் அந்த மாநாடு ஆப்பிரிக்காவுக்கு நேரிலும் போனது. ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. அதுவும் வேண்டும்தான். நான் நேர் மாநாட்டுக்கு எதிரி இல்லை.

விமானக் கணக்கு

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய வானியல் சங்கத்தின் மாநாடு 2019இல் பிரான்சின் லியோன் நகரத்தில் நடந்தது. சுமார் 1,240 பேர் வந்தார்கள். 2020இல் அதுவே ஆன்லைனுக்குப் போனது, வந்தவர்கள் 1,700க்கும் மேல். வானியல் ஆய்வாளர்களே இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். லியோனுக்குப் பயணம் செய்ததில் வெளியான கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 1,855 டன். ஆன்லைனில் நடந்ததற்கு 582 கிலோ. டன் இல்லை, கிலோ! ஏறக்குறைய 3,000 மடங்கு குறைவு. பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுவதற்கே விமானம் ஏறிப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குறைகளும் சொல்லணும்

சரி, இவ்வளவு நல்லதா என்றால், இல்லை. குறைகளையும் நேர்மையாகச் சொல்லணும்.

முதல் குறை, டீ இடைவேளை இல்லை. நேர் மாநாட்டில் உண்மையான பேச்சு அரங்குக்கு வெளியேதான் நடக்கும். பெரிய பேராசிரியர் ஒருவர் கையில் கப்போடு தனியாக நிற்பார், நாம் போய் "சார், உங்க பேப்பர் படிச்சிருக்கேன்" என்று ஆரம்பிக்கலாம். போஸ்ட் டாக் வேலைகூட அப்படிக் கிடைத்தவர்கள் உண்டு. ஆன்லைனில் பேச்சு முடிந்ததும் திரை அணைந்துவிடும். நன்றி என்று சாட்டில் பத்துப் பேர் போடுவார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மதியம் 2 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 11:30. மேற்குக் கரை என்றால் விடியற்காலை 2:30. மறுநாள் காலை முதல் பீரியட் இருக்கும்.

மூன்றாவது, இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். நேரில் மாநாட்டுக்குப் போனால் கல்லூரியில் ஓ.டி. கொடுப்பார்கள். ஆன்லைன் என்றால், "வீட்ல இருந்துதானேம்மா, கிளாஸை முடிச்சிட்டுப் பாருங்க" என்பார்கள். வீட்டிலும் அதேதான். வெளியூர் போயிருந்தால் யாரும் நம்மிடம் குழம்புக்கு உப்புப் போட்டாச்சா என்று கேட்க மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் இருந்தால் கேட்பார்கள். நான் ஒரு மாநாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது குக்கர் மூன்று விசில் அடித்தது, நாலாவது அடிப்பதற்குள் மைக்கை அணைத்துவிட்டு ஓடினேன். சிரிக்கலாம். ஆனால் ஆன்லைன் மாநாடு பெண்களுக்கு வசதி என்று சொல்கிறவர்கள் அந்தக் குக்கரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உடம்பு வீட்டில் இருக்கலாம், நேரம் நம்முடையதாக இருக்கணும்.

நான்காவது, சர்டிபிகேட். 2020இல் நம் ஊரில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எல்லாக் கல்லூரியும் வெபினார். இணைப்பைத் திற, பெயரைப் போடு, கடைசியில் பத்துக் கேள்விக்கு டிக் அடி, மெயிலில் இ-சர்டிபிகேட். ஒரே நாளில் நாலு "சர்வதேசக் கருத்தரங்கில்" கலந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். ஒளித்துப் பயனில்லை, நானும் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆன்லைன் என்றாலே மதிப்பு இல்லை என்று தேர்வுக் குழுக்கள் நினைப்பதற்கு நாமும் ஒரு காரணம்.

காசு பிடுங்கும் போலி மாநாடுகளும் இருக்கின்றன. அனுப்பிய இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்தாலோ, தாவரவியலும் மேனேஜ்மென்ட்டும் இயந்திரவியலும் ஒரே அரங்கில் இருந்தாலோ, குழுவில் இருப்பவர்கள் யார் என்றே தெரியாவிட்டாலோ பணம் கட்டாதீர்கள். குழுவில் பெயர் இருக்கிற ஒருவருக்கு நேரடியாக மெயில் போட்டுக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

சரி, எப்படிப் பயன்படுத்துவது?

இனி ஆன்லைன் மாநாட்டில் கலந்துகொள்ளப் போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்.

எல்லா அமர்வுகளிலும் உட்காராதீர்கள். நிகழ்ச்சி நிரல் வந்தவுடன் உங்கள் வேலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஐந்து ஆய்வுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் அப்ஸ்ட்ராக்டை முன்கூட்டியே படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைக்கில் ஆங்கிலம் பேசக் கூச்சமா? சாட்டில் போடுங்கள். எழுதி வைத்த கேள்விக்கு உச்சரிப்பு பயம் கிடையாது. நம்ம பிள்ளைகளில் நிறையப் பேர் அரங்கில் வாயே திறக்காதவர்கள், சாட்டில் பிரமாதமாகக் கேட்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

முடிந்த பிறகு மூன்று நாளுக்குள் அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்காவது மெயில் போடுங்கள். "உங்கள் பேச்சு நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள். உங்கள் தரவில் ஓர் அட்டவணையையோ படத்தையோ இணைத்து, இது உங்கள் முடிவோடு ஒத்துப்போகவில்லையே, ஏன் என்று கேளுங்கள். ஆய்வாளருக்கு அதைவிட ஆர்வமூட்டுகிற மெயில் வேறு இல்லை. டீ இடைவேளைக்கு நமக்கு இருக்கிற மாற்று இதுதான்.

பதிவுக் கட்டணம் அதிகம் என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் கட்டணத்தைக் குறைக்கிற அல்லது தள்ளுபடி செய்கிற மாநாடுகள் நிறைய உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். கேட்பது பிச்சை இல்லை, அதற்கென்றே ஒதுக்கி வைத்த பணம் அது.

கல்லூரி முதல்வர்கள், துறைத் தலைவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். ஆன்லைன் மாநாட்டில் கட்டுரை வாசிக்கிற அன்றைக்காவது ஓ.டி. கொடுங்கள். நெட் நன்றாக வருகிற ஓர் அறையைப் பூட்டித் திறந்து கொடுங்கள். விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அந்த மாணவிக்கு என்ன ஆச்சு?

ஆரம்பத்தில் சொன்ன மாணவிக்கு வருகிறேன். அன்றைக்கே லேபில் உட்கார்ந்து மாநாட்டுக் குழுவுக்கு ஒரு மெயில் எழுதினோம். புகார் மாதிரி எழுதவில்லை. மூன்றே விஷயம். விசா நேர்காணலுக்கு மாநாட்டுத் தேதிக்குள் இடம் கிடைக்கவில்லை. பயணச் செலவுக்கு வழி இல்லை. முன்பு ஆன்லைனில் வாசிக்க அனுமதி இருந்தது, இந்த முறை அப்படி ஏதாவது செய்ய முடியுமா?

நேற்று பதில் வந்தது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த கேமரா, ஆட்கள், மென்பொருள் என்று செலவு இரட்டிப்பாகிறது, அதனால்தான் நிறுத்தினோம் என்று எழுதியிருந்தார்கள். அது பொய் இல்லை. நடத்தியவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். ஆனால் அவளைப் போலவே இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்களாம். அதனால் ஒரு ஜூம் அமர்வு மட்டும் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு மதியம் 2 மணி, நமக்கு இரவு 11:30. நேரில் பேசுகிறவர்களுக்குப் பதினைந்து நிமிடம், இவளுக்கு எட்டு நிமிடம்.

எட்டு நிமிடம் குறைவுதான். பரவாயில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. குறைவுதான் என்றே சொன்னேன். அடுத்த வருஷமும் கேட்போம் என்றேன். மற்றவர்கள் எழுதியதால்தான் இந்த எட்டு நிமிடமும் வந்தது. எழுதாமல் இருந்திருந்தால், ஆன்லைன் யாருக்கும் தேவைப்படவில்லை என்றுதான் அவர்கள் முடிவு செய்திருப்பார்கள். இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது அப்படி ஒரு மெயில் வந்திருந்தால், ஃபோனை மூடி வைக்காதீர்கள். பதில் எழுதுங்கள்.

இரவு லேபைத் திறந்து வைக்க முதல்வரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவள் அப்பா வண்டியில் கூட்டிவந்து, முடியும்வரை வெளியே காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மறுநாளுக்கு ஓ.டி. கேட்டிருக்கிறோம், இன்னும் கையெழுத்தாகவில்லை. இப்போதைக்கு அவளுக்கு நான் கொடுத்திருக்கிற ஒரே வேலை, எட்டு நிமிடத்தில் ஆறு நிமிடம் பேசி, இரண்டு நிமிடத்தைக் கேள்விக்கு விட வேண்டும் என்பது. எங்கிருந்து என்ன கேள்வி வரும் என்று யாருக்குத் தெரியும்?

உங்களுக்கும் இப்படி ஆன்லைன் மாநாட்டில் நல்லதோ கெட்டதோ ஏதாவது நடந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.